வாசகர் கேள்வி – பதில்: சிற்றோடையில் ஃப்ளை தூண்டில்

கேள்வி: அமெரிக்காவின் விர்ஜீனியா மலை ஓடைகளில் என் மகன் புரூக் டிரவுட் பிடிக்கிறான். அந்தக் குஞ்சுகளை ஜவ்வாது மலை ஓடைகளில் விட்டால் வளருமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: வளராது. புரூக் டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நன்றாக இரை எடுக்கும். 20-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். 25-ஐ ஒட்டிச் சில நாள் நின்றாலே செத்துப்போகும். 10 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும்; 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது, தண்ணீரிலோ இருப்பு குறைகிறது. ஜவ்வாது மலை ஓடைகள் பலவும் சித்திரையில் குட்டை குட்டையாக நின்றுவிடும்; அதில் டிரவுட்டுக்கு வழியே இல்லை. தமிழ்நாட்டில் டிரவுட் இருப்பது நீலகிரியின் உயரமான நீர்நிலைகளில். அவையும் பெரும்பாலும் ரெயின்போ வகைதான். தவிர, வெளியூர் மீனை நம் ஓடையில் விடவே கூடாது. ஏரிகளில் ஜிலேபி பெருகி நாட்டு மீன்களை நெருக்குவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

கேள்வி: மோர்தானா பக்கம் மண்புழு, தக்கை வைத்துக் கெண்டை பிடித்துப் பழகியவன். அடுத்த மாதம் விர்ஜீனியாவில் தம்பி வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஃப்ளை தூண்டில்தான் என்கிறான். என்ன வாங்குவது, எப்படிப் போடுவது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: நம் தூண்டிலில் ஈயக் குண்டின் எடைதான் நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது பூச்சியைப்போலச் செய்த பொய் இரை, அதற்கு எடையே கிடையாது. முள்ளில் கட்டிய இறகும் நூலும் அவ்வளவுதான். எடை முழுவதும் தடித்த லைனில் இருக்கிறது. லைனை வீசினால் ஃப்ளை அதன் பின்னாலேயே போகும். சின்ன ஓடைக்கு 7 அடி ராடு (தூண்டில் கழி), எடை குறைந்த 3-ஆம் எண் லைன், லைனின் முனையில் கட்டும் நுனி மெலிந்த ஏழரை அடி லீடர் நரம்பு, அதன் கடைசியில் ஒன்றரை அடிக்கு 5எக்ஸ் என்ற மெல்லிய நரம்பு. கடைக்காரர் 9 அடி ராடு காட்டினால் வேண்டாம், கிளைகளில் மாட்டியே பொழுது போய்விடும். 14-ஆம் எண் முள்ளில் கட்டிய ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ் என்ற இரண்டு ஃப்ளை வகைகளும் போதும். மலை ஓடையில் இரை குறைவு என்பதால் புரூக் டிரவுட் பூச்சியின் வகையைப் பெரிதாகப் பார்க்காது. கரையில் நிற்கும் ஆளைத்தான் பார்க்கும்.

மீன் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். அதனால் கீழிருந்து மேல்நோக்கி, குனிந்து, நிழல் மடுவில் விழாமல் நடக்க வேண்டும். பின்னால் வீச இடமில்லாத இடத்தில் வில் வீச்சு கைகொடுக்கும். ராடின் நீளத்துக்கு லைனும் லீடரும் வெளியே இருக்கட்டும். முள்ளின் வளைவைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கூர்முனை விரல்களுக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடும்போது குத்திவிடும். மறுகை விரலால் லைனை ராடோடு அழுத்தி, ராடை மடுவை நோக்கி நீட்டி, ஃப்ளையைப் பின்னுக்கு இழுத்து விடுங்கள். அழுத்திய விரல் தளர்ந்தால் லைன் நழுவி, வேகம் செத்துவிடும்.

ஃப்ளை விழுந்தபின் தண்ணீரின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். நடுவிலுள்ள வேக ஓட்டம் லைனை வளைத்து இழுத்தால், ஃப்ளை கோடு கிழித்துக்கொண்டு ஓடும், மீன் விலகிவிடும். ராடை உயர்த்தி, லீடரின் நுனி மட்டும் நீரைத் தொடும்படி வைத்துக்கொள்ளுங்கள். தக்கை அமிழும்வரை காத்திருக்கும் பழக்கத்தையும் மறக்க வேண்டும். மண்புழுவை மீன் விழுங்கும். இறகை நொடியில் துப்பிவிடும். மீன் எழுந்ததும் மணிக்கட்டைச் சற்றே தூக்கினால் போதும். வெடுக்கென்று இழுத்தால் சின்ன மீன் மரத்தில் தொங்கும்.

கேள்வி: ஃப்ளையை வீட்டிலேயே கட்டி, செய்யாற்றுப் பக்கம் கெண்டைக்குப் போடலாமா?
– வாசகர், போளூர்

பதில்: தாராளமாக. 14-ஆம் எண் முள், மெல்லிய தையல் நூல், கம்பளி நூலின் ஒரே ஒரு பிரி, சேவலின் கழுத்திறகு. முள்ளின் கண்ணுக்குப் பின்னாலிருந்து வளைவு வரை நூலைச் சுற்றுங்கள். கம்பளியை அங்கே கட்டி, முக்கால் தூரம் முன்னோக்கிச் சுற்றுங்கள். பிறகு இறகைக் கட்டி, நான்கைந்து சுற்று; மூன்று முடிச்சு; ஒரு பொட்டு நகப்பூச்சு. கண்ணருகே ஒரு மில்லிமீட்டர் இடம் விடாவிட்டால் நரம்பு நுழையாது. இறகின் மயிர், முள்ளின் வாய் அகலத்தைப்போல் (கூர்முனைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள தூரம்) ஒன்றரை மடங்கு இருக்கலாம். அதற்கு மேல் போனால் மீன் மயிரை மட்டும் கடித்துவிட்டுப் போகும். பெட்டைக்கோழி இறகு நனைந்து மூழ்கும், சேவல் இறகின் விறைப்புதான் மிதக்க வைக்கும். விரல் நீளக் கெண்டைக்கு அதைவிடச் சிறிய 18-ஆம் எண் முள் சரியாக இருக்கும். ராடு, ரீல் எதுவும் வேண்டாம். 10 அடி மெல்லிய மூங்கில், அதே நீளத்துக்கு நரம்பு. தக்கையும் ஈயமும் கூடாது. செந்நீராக ஓடும்போது போட்டுப் பயனில்லை. மழைக்குப்பின் நீர் தெளிந்ததும் மாலையில் போடுங்கள்.

கேள்வி: பிடித்த மீனைத் திரும்ப விட்டால் பிழைக்குமா? அமிர்தி ஓடையில் பிடிக்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: கவனமாகக் கையாண்டால் பெரும்பாலும் பிழைக்கும். முள் நுனியில் பின்னோக்கி நீண்டிருக்கும் குட்டி முள்ளைக் குறடால் முன்பே நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீன் நீரிலேயே இருக்க முள்ளைக் கழற்றுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், அங்கே பூஞ்சை பிடிக்கும். டிரவுட் ஓடையில் தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுவதே நியாயம். அமிர்தி காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தூண்டில் போடக் கூடாது.