வேலிக்கு அந்தப் பக்கம் எல்க் நிற்கிறது, எப்படிப் போவது?

கேள்வி: டென்வரில் மென்பொருள் வேலை, எச்-1பி விசா. அலுவலக நண்பரின் தூண்டுதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டேன். எல்க் மான்கள் எல்லாம் தனியார் ரேஞ்சுகளில்தான், அதாவது பெரிய மாட்டுப் பண்ணைகளில்தான், நிற்கின்றன என்கிறார்கள். ஆயிரக்கணக்கான டாலர் கட்டாமல் உள்ளே போக வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கொம்பு ஆசையை மூட்டை கட்டி வையுங்கள். பெரிய பணம் கேட்கப்படுவது கொம்புக்குத்தான். கொம்பில்லாத பெண் எல்க் ரேஞ்ச்காரருக்குத் தலைவலி. பனி விழுந்ததும் மந்தையாக இறங்கி, மாட்டுக்கு அடுக்கி வைத்த புல்கட்டுகளைத் தின்று, வேலியையும் சாய்த்துவிட்டுப் போகும். அதைக் குறைக்க வருகிறேன் என்பவனுக்குக் கதவு திறப்பது எளிது.

அதற்கு முன்னால் விசா. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு. ஆகவே லைசென்ஸ் முதலில், துப்பாக்கி பிறகு. நண்பரிடம் இரவல் வாங்குவதற்கும் இதேதான்.

உங்கள் டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தில் 'ரேஞ்சிங் ஃபார் வைல்ட்லைஃப்' என்றொரு திட்டம் இருக்கிறது. குறைந்தது 12,000 ஏக்கர் உள்ள ரேஞ்சுகள்தான் இதில் சேரலாம். உரிமையாளருக்கு நீண்ட வேட்டைப் பருவமும் உறுதியான லைசென்ஸ்களும் கிடைக்கும். பதிலுக்கு, குலுக்கலில் பெயர் வந்த மாநிலவாசிகளை அவர் காசு வாங்காமல் உள்ளே விட வேண்டும். விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தோடு முடிந்துவிடும். ஆண் எல்க்குக்குப் பல வருடம், குலுக்கலில் முன்னுரிமை தரும் புள்ளிகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். இங்கேயும் பெண் எல்க்குக்கே போடுங்கள்.

நான் அதிகம் நம்புவது இன்னொரு வழியை. தனியார் நிலத்தில் மட்டும் செல்லுபடியாகும் லைசென்ஸ்கள் தனியாக இருக்கின்றன. அனுமதி கிடைத்த பிறகு வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டு நிலம் தேடி அலைபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) நில வரைபடத்தில் உரிமையாளர் பெயர் கிடைக்கும். கோடையிலேயே நேரில் போங்கள். பருவத்துக்கு முந்தின நாள், உடம்பெல்லாம் வேட்டை உடுப்போடு போய் நிற்காதீர்கள். நான் முதல்முறை போனபோது அந்தப் பெரியவர் என்னைவிட என் வண்டியைத்தான் அதிக நேரம் பார்த்தார். "ஈரத்தில் இதை வயலுக்குள் ஓட்டுவாயா?" என்றார். மாட்டேன், நடந்தே போவேன் என்றேன். அன்று மதியம் அவரோடு வேலிக்கம்பி இழுத்துக் கட்டினேன். டிசம்பரில் கூப்பிட்டார். பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் கையை விரிப்பார்கள். அதற்காக முகம் சுளிக்கக் கூடாது.

கிடைத்த அனுமதியை எழுதி வாங்குங்கள்: எந்தத் தேதி, எந்த வாசல், எந்த விலங்கு, வண்டி எதுவரை. திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போங்கள், மாடு வெளியேறினால் அதோடு சரி. அடிபட்ட எல்க் பக்கத்து நிலத்தில் போய் விழுந்தால் நேராக வேலி தாண்டாதீர்கள்; அந்த உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். பலகையும் வேலியும் இல்லை என்பதால் பொது நிலமாகிவிடாது. எல்லை தெரிந்து நடப்பது கொலராடோவில் வேட்டைக்காரர் பொறுப்பு.

'மூலை தாண்டல்' பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சதுரங்கப் பலகை போல பொது நிலமும் தனியார் நிலமும் மாறி மாறி வரும் வயோமிங்கில், மிசூரியிலிருந்து வந்த 4 வேட்டைக்காரர்கள் ஒரு மூலையில் ஏணி வைத்து, ஒரு பொதுச் சதுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டினார்கள். தனியார் மண்ணில் கால் படவில்லை. ரேஞ்ச் உரிமையாளர் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது நிலத்தை அடைத்து மறிப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை வைத்து வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கொலராடோவும் அதே நீதிமன்றத்தின் வட்டத்துக்குள்தான் வருகிறது. இருந்தாலும் அது பொது நிலத்துக்குப் போகிற வழி, ரேஞ்சுக்குள் நுழைகிற வழி அல்ல. மூலைக்கல் துல்லியமாக எங்கே என்று தெரியாமல் புதிதாக வருபவர் முயலவும் வேண்டாம்.

எல்க் கிடைத்தால் கறியில் ஒரு பங்கை ரேஞ்ச்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வருடக் கேள்வியை அப்போதே கேட்கலாம்.