அப்பாவுக்கு வந்த நீர்க்கட்டி எனக்கும் வருமா?

கேள்வி: பாம்பனில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். வயது 32. அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகத்திலும் நிறைய நீர்க்கட்டிகள், இப்போது டயாலிசிஸில் இருக்கிறார். அத்தையும் இதே நோயில்தான் இறந்தார். ஊர் உப்புத்தண்ணிதான் காரணம் என்கிறார்கள். எனக்கும் என் 4 வயது மகளுக்கும் வருமா? மருந்து உண்டா?

பதில்: தண்ணீர் மேல் பழி போட வேண்டாம், தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய். பிகேடி1, பிகேடி2 என்ற மரபணுக்களில் ஒன்றில் உள்ள கோளாறுதான் பெரும்பாலும் காரணம். முதலாவதை 1994இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. உங்களுக்கு இல்லையென்றால் உங்கள் வழியாக மகளுக்கும் வராது.

அதனால் முதலில் ஸ்கேன் உங்களுக்குத்தான். உங்கள் வயதில் இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து மூன்று கட்டிகளாவது தெரிந்தால் நோய் உறுதி. ஒன்றுமே இல்லையென்றால் பெரிய நிம்மதி. ஆனாலும் 40 வயதில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். தொந்தரவு எதுவும் இல்லாத குழந்தைக்கு இப்போது ஸ்கேன் வேண்டாம், ரத்த அழுத்தத்தை மட்டும் அவ்வப்போது பார்த்தால் போதும்.

மருந்து உண்டு. உடம்பில் தண்ணீரைச் சேமித்து வைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன்தான் இந்தக் கட்டிகளையும் வளர்க்கிறது. அதைத் தடுக்கும் டோல்வாப்டான் என்ற மாத்திரையை சுமார் 1,400 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கொடுத்து, மூன்று ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. மாத்திரை சாப்பிடாதவர்களுக்குச் சிறுநீரகம் ஆண்டுக்கு 5.5 சதவீதம் பெருத்தது, சாப்பிட்டவர்களுக்கு 2.8 சதவீதம்தான். நோய் போகாது, வேகம் குறையும். ஆனால் தொண்டை வறண்டுகொண்டே இருக்கும், ராத்திரியில் நாலைந்து தடவை எழ வேண்டிவரும், கல்லீரல் பாதிக்கிறதா என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். நடுக்கடலில் கேனில் தண்ணீர் தீர்ந்துபோனால் இந்த மாத்திரை ஆபத்து. கட்டிகள் வேகமாக வளர்கிறவர்களுக்குத்தான் இதைத் தருவோம். தொழிலைச் சொல்லாமல் வாங்கிவிடாதீர்கள்.

நான் அதைவிட அதிகம் கவலைப்படுவது ரத்த அழுத்தத்தைப் பற்றித்தான். சிறுநீரகம் கெடுவதற்கு வெகு முன்பே, எந்த அறிகுறியும் இல்லாமல் அது ஏறிவிடும். அதற்கான மாத்திரைகள் மலிவானவை, அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். கருவாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வலை இழுத்த மறுநாள் முதுகு வலிக்கிறது என்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இருக்கிறதே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் தர நீங்கள் நினைத்திருக்கலாம். ஸ்கேனும், தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனையும் முடியும் வரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஸ்கேன் எடுக்கப் போகும்போது அப்பாவின் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.