கூட நின்றவர் மேலே போனதும் மாறுவது ஏன்?

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என்னோடு நின்று சேலை விரித்துக் காட்டிய அக்காதான் இப்போது எங்கள் சூப்பர்வைசர். வந்தவர்கள் எதுவும் வாங்காமல் எழுந்து போனால் எல்லார் முன்னிலையிலும் ஏசுகிறார். ஆளில்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாலும் சம்பளத்தில் 100 ரூபாய் பிடித்துவிடுகிறார். நல்லவராக இருந்தவர் ஏன் இப்படி ஆனார்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: சகோதரி, அவர் செய்வது தவறு என்பதில் ஐயமில்லை, ஆனால் அவர் குணமே கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை. நதானியேல் ஃபாஸ்ட், செரினா சென் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அதிகாரம் மட்டுமே ஒருவரைக் கொடுமைக்காரராக்குவதில்லை, அதிகாரத்தோடு ‘இந்தப் பொறுப்புக்கு நான் தகுதியில்லையோ’ என்ற அச்சமும் சேரும்போதுதான் அடுத்தவர்மீது பாயும் போக்கு மேலோங்குகிறது என்று கண்டார்கள். நன்றாக விற்பவரை மேற்பார்வைக்கு உயர்த்தும் கடைகளில், ஆட்களை நடத்தும் விதத்தை அவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் எவருமில்லை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் விற்பனைக் கணக்கு குறைந்ததற்காக மேலிடத்தில் அவர் வாங்கும் ஏச்சு, அப்படியே உங்கள் கவுண்டருக்கு இறங்கி வரக்கூடும்.

காரணம் புரிந்துவிட்டது என்பதற்காகச் சம்பளப் பிடித்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவின்படி, பணியாளர் அனைவருக்கும் இருக்கை தரப்பட வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். சட்டம் அனுமதித்த ஒன்றுக்கு அபராதம் போடுவது எந்த வகையில் நியாயம்? பொதுவாக அபராதம் விதிப்பதற்கே, 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு கடுமையான வரம்பு வைத்திருக்கிறது: முன்கூட்டி அறிவித்த தவறுகளுக்கு மட்டுமே, அதுவும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே விதிக்கலாம், ஒரு மாதத்து மொத்த அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது, தொகையைப் பதிவேட்டில் ஏற்றி, பணியாளர் நலனுக்கே செலவிட வேண்டும். பிடித்த தேதியையும் தொகையையும் சொன்ன காரணத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து முதலில் முதலாளியைப் பாருங்கள். அந்த 100 ரூபாய் எந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிலில்லையென்றால் மதுரையிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

கேள்வி: ஆறு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறேன். அதட்டாமல் வேலை நடக்குமா?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: நடக்கும், ஐயா. கூடுதலாகக் கடைந்து விட்டம் குறைந்துபோன துண்டை, திட்டுக்குப் பயந்த இளைஞர் உங்களிடம் காட்டமாட்டார். நல்ல துண்டுகளோடு கலந்துவிடுவார், அது வாடிக்கையாளரிடம் போய்த் திரும்பி வரும். அளவில் கண்டிப்பு இருக்கட்டும், ஆளைப் பழிக்கும் சொல் வேண்டாம். அடுத்த முறை பிசகும்போது அவரைத் தனியே அழைத்து, வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து, எந்த இடத்தில் தவறியது என்று அவரையே அளந்து காட்டச் சொல்லுங்கள்.