நஷ்டஈடு யாருக்குப் போனது?

கேள்வி: அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து 150 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒரு கறுப்பர் இரண்டு முறை அதிபராகவும் இருந்துவிட்டார். இன்னமும் பழைய கதையைச் சொல்லி நிவாரணம் கேட்பது நியாயமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நியாயம்தான். காரணத்தை 1862-லிருந்து சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரலில், தலைநகர் வாஷிங்டனில் மட்டும் அடிமைகளை விடுவிக்கும் சட்டம் ஒன்று வந்தது. நாடு முழுவதும் விடுதலை வர அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விடுவிக்கப்படும் ஆளுக்குச் சராசரியாக 300 டாலர் வரை நஷ்டஈடு என்றது அந்தச் சட்டம். பணம் போனது எஜமானர்களுக்கு. ஆளின் பெயர், வயது, நிறம், உடல்வாகு, தன் கைக்கு வந்த விதம், பெறுமான விலை என்று எல்லாவற்றையும் எழுதி அவர்கள் மனுக் கொடுத்தார்கள். சொன்ன விலை சரிதானா என்று பார்க்க, பால்டிமோர் நகரத்து அடிமை வியாபாரி ஒருவரையே அரசு வரவழைத்தது. சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல் மதிப்புப் போட்டு, சுமார் 3,000 பேரை விடுவித்தார்கள். விடுதலை பெற்றவருக்கும் சட்டத்தில் 100 டாலர் வரை இருந்தது. நாட்டை விட்டே போய்விடச் சம்மதித்தால் மட்டும். ஆயுள் முழுக்கக் கூலியில்லாமல் உழைத்தவர் அங்கேயே இருந்து பிழைக்க ஒரு காசு இல்லை.

நிலம் கிடைக்க ஒரு வாய்ப்பு வந்தது. 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரில் அரசுப் படையை நடத்திய ஜெனரல் ஷெர்மன், தெற்குக் கடலோரத்தில் விடுதலையானவர்களின் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கி உத்தரவு போட்டார். லிங்கன் கொல்லப்பட்ட பின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டில் அந்த நிலங்களைப் பழைய பண்ணையார்களுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார். கைப்பிடி மண்ணும் இல்லாமல் விடுதலையானவர் மறுநாள் காலையில் யாருடைய வயலில் போய் நிற்பார் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதிபர் பதவியைச் சொல்கிறீர்கள். 1870-லேயே மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பர் செனட்டுக்குப் போனார். 1875-ல் பிளான்ச் புரூஸ் போனார். 1881-ல் புரூஸின் பதவிக்காலம் முடிந்த பிறகு, இன்னொரு கறுப்பர் செனட்டில் உட்கார 1967 ஆக வேண்டியிருந்தது. இடையில் நடந்தது என்ன? 1890-ல் மிசிசிப்பி புதிய மாநில அரசியல் சட்டம் எழுதி, வாக்களிக்கத் தலைவரியும் படிப்புச் சோதனையும் வைத்தது. சோதனை வைப்பவர் வெள்ளைக்கார அதிகாரி. அவர் தேறவில்லை என்றால் தேறவில்லைதான். 1965 தொடக்கத்தில் அம்மாநிலக் கறுப்பர்களில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 100-க்கு 7 பேர்கூட இல்லை. அந்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967-ல் அது ஏறத்தாழ 60 ஆயிற்று. இரண்டு ஆண்டுகளில் அந்த மக்களுக்குப் புதிதாக அறிவு முளைத்துவிடவில்லை. வாசலை மறித்து நின்றவரை விலக்கினார்கள், உள்ளே வந்தார்கள். அடிபட்டும் உயிரைக் கொடுத்தும் வாங்கிய முன்னேற்றம் அது. அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வாக்கு வந்த வேகத்தில் வீடு வரவில்லை. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கடன் கொடுக்கத் தகுந்த பகுதிக்குப் பச்சை, ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பர்கள் குடியிருந்த தெருக்களுக்குச் சிவப்பைப் பூசினார்கள். வீடு கல்லுப் போல் உறுதியாக இருக்கலாம், சம்பளம் ஒழுங்காக வரலாம். தெரு சிவப்பு என்றால் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்களுக்கும் இதே கதிதான். 1947-ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு தரப்பட்ட கடன்கள் 3,229. அதில் கறுப்பர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டு நூறு என்று படித்துவிடாதீர்கள், வெறும் இரண்டு.

வீட்டு விற்பனையிலும் கடனிலும் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1968-ல் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை வெள்ளையர்கள் குறைந்த வட்டியில் வீடு வாங்கி, அதன் விலை ஏறி, அதை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டார்கள். 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கைப் பாருங்கள். வெள்ளையர் குடும்பங்களைச் சொத்துப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு 2,85,000 டாலர். கறுப்பர் வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு 44,900. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வெள்ளை மாளிகையில் ஒருவர் எட்டு ஆண்டுகள் குடியிருந்ததால் இந்தக் கணக்கு நேராகிவிடாது.

பழைய கதை என்று எழுதியிருக்கிறீர்கள். 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ், வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குள் நுழைந்தாள். மத்திய அரசின் காவலர்கள் நால்வர் துணைக்கு நடந்தார்கள். வெளியே கூட்டம் கத்தியது. சின்னஞ்சிறு சவப்பெட்டியில் கறுப்புப் பொம்மையைக் கிடத்தி அவளுக்குக் காட்டினார்கள். வெள்ளைக்காரப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டு முழுதும் ஒரே ஆசிரியை, ஒரே மாணவி என்று வகுப்பு நடந்தது. அப்பாவுக்கு வேலை போயிற்று. அந்தச் சிறுமிக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் அந்த நாளைப் பற்றிப் பேசிவருகிறார்.