லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலும் இரவுக் கப்பலுமாகப் போகலாமா? வயதான பெற்றோருக்கு ஒத்துவருமா?

தாராளமாகப் போகலாம். நான் இருப்பது லண்டனில். சித்தி குடும்பம் நெதர்லாந்தின் டென் ஹாகில். அவர்களைப் பார்க்கக் கிளம்பினால் இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்திலிருந்து நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து (சுருக்கமாக ஹூக்) போகும் கப்பலைத்தான் பிடிப்பேன். ஊரிலிருந்து வந்த அம்மாவையும் அதில்தான் கூட்டிப் போனேன். விமானத்தை விட எனக்கு இதுவே பிடித்தம்: பயண நேரம் முழுவதும் தூக்கத்தில் கழிந்துவிடும், காலையில் அசதியில்லாமல் இறங்கலாம்.

லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறினால் ஹாரிச்சுக்கு ஒன்றரை மணி நேரம் போல. பெரும்பாலும் மானிங்ட்ரீயில் வண்டி மாற வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு ஸ்டவர் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியே தண்டவாளம் ஓடும். இடப்பக்கம் உட்காருங்கள். கடல்நீர் வடிந்திருக்கும் நேரமாக இருந்தால் சேற்றுப்பரப்பு முழுக்கப் பறவைகள்தான். ஹாரிச் இன்டர்நேஷனல் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே கப்பல் முனையம். 'ரயில் அண்ட் செயில்' டிக்கெட் எடுத்தால் லண்டனிலிருந்து நெதர்லாந்தின் எந்த ரயில் நிலையத்துக்கும் அந்த ஒன்றே போதும். 1893இல் இந்தக் கப்பல் வழியைத் தொடங்கியதே ஒரு ரயில் கம்பெனிதான். நம் பக்கத்தில் தனுஷ்கோடி – தலைமன்னார் வழியாகப் போன போட் மெயிலைப் போன்ற ஏற்பாடு.

கப்பல் இரவு 11 மணிக்குப் புறப்படும். ஆனால் வெகு முன்னாடியே ஏறிவிடலாம், ஏறிவிடுங்கள். இரவுப் பயணத்துக்குக் கேபின் கட்டாயம். கொஞ்சம் கூடுதல் காசு ஆனாலும் பெற்றோருக்கு ஜன்னல் உள்ள கேபினாக எடுங்கள். அம்மா துறைமுகத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கப்பல் 240 மீட்டர் நீளம், 1,200 பேர் போகலாம். அமைதியான இரவில் அது நகர்வதே தெரியாது. குளிர்காலத்தில் வடகடல் ஆடும். தலைசுற்றல் வருமென்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளக் கேபின் கிடைக்குமா என்று கேளுங்கள். படுக்கைகள் மேலும் கீழுமாக இருக்கும், கீழ்ப் படுக்கை பெரியவர்களுக்கு. மாடிகளுக்கு லிப்ட் உண்டு. நடக்கச் சிரமப்படுவார்கள் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டு மூட்டை விஷயத்தில் கவனம் வேண்டும். பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை. 2021 ஜனவரியில் இதே ஹூக் துறைமுகத்தில் லாரி ஓட்டுநர்களின் சாண்ட்விச்சைச் சுங்கத்தார் பறிமுதல் செய்தது டிவி செய்தியில் வந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு, பன்னீர் எதுவும் வேண்டாம். எலுமிச்சை சாதமும் புளியோதரையும் கட்டிக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் நெதர்லாந்துக்குள் நுழையத் தேவையான ஷெங்கன் விசாவை ஊரிலேயே எடுத்து வரச் சொல்லுங்கள். பிரிட்டன் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்றும் பாருங்கள், திரும்பி வர வேண்டுமே. நெதர்லாந்துக் குடிவரவுச் சோதனை ஹூக்கில் இறங்கிய பிறகுதான்.

காலை 8 மணிக்கு ஹூக். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். ஒரு காலத்தில் இங்கிருந்து பெர்லின், வார்சா, மாஸ்கோ வரைக்கும் ரயில் பெட்டிகள் போயின. அந்தப் பாதையின் ஹூக் பகுதியை 2017இல் மூடி மெட்ரோவாக மாற்றினார்கள். 2019 முதல் ஓடுகிறது. அதில் ஸ்கீடாம் சென்ட்ரம் போய் ரயில் மாறினால் ஆம்ஸ்டர்டாமுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இந்த வழியில் போகிறவர்கள் இரண்டு சிலைகளைப் பார்க்காமல் போகக் கூடாது என்பேன். 1938 டிசம்பர் 2 அன்று, நாஜிகளிடமிருந்து தப்புவிக்கப்பட்ட சுமார் 200 குழந்தைகள், பெரும்பாலும் யூதர்கள், ஹூக்கில் கப்பலேறி ஹாரிச்சில் வந்து இறங்கினார்கள். போர் வெடிக்கும் வரை இப்படிப் பிரிட்டனுக்கு வந்த குழந்தைகள் ஏறத்தாழ 10,000 பேர், மிகப் பலர் இதே கப்பல் வழியில். அவர்களுக்கு லிவர்பூல் ஸ்ட்ரீட் வாசலில் ஒரு நினைவுச் சிலை, ஹூக்கில் ஒன்று. இரண்டையும் வடித்த ஃபிராங்க் மைஸ்லரே அப்படி வந்த பிள்ளைதான். ஊரிலிருந்த பெற்றோரைப் பெரும்பாலான பிள்ளைகள் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். ரயிலுக்கு நேரமாகிறது என்றாலும் அங்கிருந்து நகர மாட்டேன் என்றார்.

திரும்பி வரவும் இரவுக் கப்பல் உண்டு. ஆனால் அது காலை ஆறரைக்கே ஹாரிச்சில் இறக்கிவிடும். பெரியவர்களுடன் வருகிறீர்கள் என்றால் மதியம் புறப்படும் பகல் கப்பலைப் பாருங்கள். மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு வரலாம், அன்றிரவே லண்டன் சேர்ந்துவிடலாம்.