விண்வெளியில் தண்ணீர் சுத்திகரிக்கும் வேலை: சுங்கை சிப்புட் அக்காவுக்கு ஒரு பதில்

அக்கா, போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்பைப் பற்றிக் கேட்க அவளோடு வந்திருந்தீர்கள். "தோட்டத்துப் பிள்ளைக்கு விண்வெளியெல்லாம் எதுக்கு சார், மக்தாப்புக்குப் போய் டீச்சராகட்டும்" என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைச் சொன்னீர்கள். அடுத்த ஆள் காத்திருந்ததால் அவசரமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் ராக்கெட்டில் ஏறப் போவதாகச் சொல்லவில்லை. ஏறிப் போகிறவர்கள் உயிரோடு இருப்பதற்கான காற்றையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ளும் இயந்திரங்களைச் செய்யப் போகிறேன் என்கிறாள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அவர் வெளியே விடுகிற கரியமில வாயு சுமார் ஒரு கிலோ. செவ்வாய்க்குப் போக மட்டும் ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். நம் வீட்டில் கேஸ் தீர்ந்தால் கடைக்காரர் கொண்டுவந்து வைப்பார். அங்கே யார் கொண்டுவருவார்? வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் திரும்பக் குடிநீராக்கத்தான் வேண்டும். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் 2023-இல் 98 விழுக்காடு தண்ணீரை மீட்டுக் காட்டிவிட்டார்கள். அங்கே சூடான காற்று மேலே எழும்பாது. அதனால் மின்விசிறி ஓடாவிட்டால் தூங்குகிறவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் அங்கே உயிர் நிற்கிறது.

அன்றைக்கு உங்கள் மகள் பென்சில் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் மேசையில் வைத்தாளே, கவனித்தீர்களா? செம்பனை ஆலையில் பாய்லர் குழாயைச் சுத்தம் செய்தபோது அவள் அப்பா எடுத்துவந்த படிவு. விரல் நகத்தளவுதான். சாம்பல் நிறம், ஒரு பக்கத்தில் குழாயின் வளைவு அச்சாகப் பதிந்திருந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கே உறைத்தது. சிறுநீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரத்தை 2008 நவம்பரில் விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 85 விழுக்காடு மீட்க வேண்டும் என்பது திட்டம். எடையில்லாத நிலையில் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் வருகிறது. சிறுநீர் கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது சேர்ந்து கால்சியம் சல்பேட்டாகப் படிந்தது. 2009-இலேயே இயந்திரம் அடைத்துக்கொண்டது. மீட்கும் அளவைக் குறைத்து ஓட்டினார்கள், பிறகு கந்தக அமிலத்தை விட்டு பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். உங்கள் வீட்டுக்காரர் பல வருடமாகப் போராடுவதும் இந்த மாதிரிப் படிவோடுதான், அக்கா. அந்த வேலையைச் சின்ன வேலை என்று பிள்ளை முன்னால் சொல்லாதீர்கள்.

சரி, படிப்பு. 'விண்வெளி' என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி ஓட வேண்டாம். விமானவியல் பொறியியலில் இறக்கை, எஞ்சின் பக்கம்தான் பாடம் அதிகம். இவளுக்கு வேண்டியது இரசாயனப் பொறியியல். ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்பிஎம்மில் கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் விடக்கூடாது. அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்டிபிஎம், அதன்பின் நான்கு வருடப் பட்டம்.

சேரும் முன் அந்தப் பட்டத்துக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். முன்பு ஒரு பையனுக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு வருடம் படித்த பிறகுதான் அங்கீகாரம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009 முதல் முழு உறுப்பு நாடு. அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு.

ஒன்றை மறைக்க மாட்டேன். நாசாவில் நேரடி அரசு ஊழியராக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமையில் மலேசியா உறுப்பு நாடு இல்லை. அதனால் இவளுக்கான வழி முதுகலை, முனைவர் பட்டம், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் என்று சுற்றித்தான் போகும். பத்து வருடம் ஆகலாம். அது கைகூடாமல் போனாலும் படித்தது வீணாகாது. பினாங்கிலும் கூலிமிலும் சிப் தயாரிக்கும் ஆலைகளுக்கு மிகத் தூய தண்ணீர் வேண்டும். செம்பனை ஆலைக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கவும் கையுறைத் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யவும் ஆள் வேண்டும். சோறு போடுமா என்று கேட்டீர்கள். போடும் அக்கா.

இப்போதைக்கு வேதியியலில்தான் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறாள், அரையாண்டுத் தேர்வில் 58. செவ்வாய்க்கிழமை மாலை மண்டபத்தில் நடக்கும் வகுப்புக்கு அனுப்பிவையுங்கள், கட்டணம் இல்லை. பாய்லர் தண்ணீரை ஆலையில் எப்படிச் சோதிக்கிறார்கள், என்ன மருந்து கலக்கிறார்கள் என்று அப்பாவை ஒரு ராத்திரி உட்கார்ந்து அவளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அவள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டை நான் பார்க்க வேண்டும்.