ஒரு வரி மறந்தால்…

அன்புள்ள ஐயா,

முக்கூடலிலிருந்து தினமும் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போய் எம்.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கிறேன். பி.எஸ்சி.யில் நல்ல மதிப்பெண். இப்போது மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) தாளில் தேற்றங்களை வரிவரியாக மனப்பாடம் செய்கிறேன். நடுவில் ஒரு வரி மறந்தால் அதற்குமேல் கை ஓடவில்லை. அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்கவைக்கிறார். "பேசாமல் பி.எட். சேர்ந்திருக்கலாம். நம் பக்கத்தில் கணக்கில் மேல்படிப்புப் படித்து யார் என்ன ஆனார்கள்?" என்கிறார் மாமா. நிறுத்திவிடலாமா?

ம., முக்கூடல்

அன்புள்ள ம.,

நிறுத்த வேண்டாம். உங்களுக்குக் கணிதம் வரவில்லை என்று கடிதத்தில் எங்குமே இல்லை. மனப்பாடம் கைகொடுக்கவில்லை என்றுதான் இருக்கிறது. கல்லூரியில் கணிதம் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம் உண்டு. 'ஏன்' என்று கேட்கவேண்டிய படிப்பில், பழைய வினாத்தாளில் வந்த தேற்றத்தையே மறுபடி கேட்கிறார்கள். பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?

உங்கள் தாளிலிருந்தே ஒரு தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். மூடிய, வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புள்ளது. 'மூடிய' என்றால் இரு முனைகளும் இடைவெளியில் சேர்ந்தவை; சார்பு 'வரம்புள்ளது' என்றால் அதன் மதிப்புகள் ஓர் அளவைத் தாண்டாது. நிரூபணத்தைப் படிக்கும் முன் 'மூடிய' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். 0, 1 இரண்டையும் நீக்கிவிட்டு, இடையிலுள்ள எண்களில் மட்டும் 1/x என்ற சார்பை வையுங்கள். தொடர்ச்சியானதுதான், ஆனால் 0-வை நெருங்க நெருங்க எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. தேற்றம் உடைந்துவிட்டது. எங்கே உடைந்தது? நிரூபணத்தில், சார்பின் மதிப்பு n-ஐத் தாண்டும் புள்ளி ஒன்றை ஒவ்வொரு n-க்கும் எடுக்கிறோம். இங்கே 1/2, 1/3, 1/4 என்று எடுக்கலாம். அவை 0-வை நோக்கிப் போகின்றன, 0-தான் அவற்றின் எல்லைப்புள்ளி. 0 நம் இடைவெளியில் இல்லை. 'எல்லைப்புள்ளி இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது' என்ற அந்த ஒரு வரி எதற்காக வந்தது என்பது இப்போது தெரிகிறதல்லவா? இனி அது மறந்தாலும் நீங்களே எழுதிவிடுவீர்கள்.

ஒவ்வொரு தேற்றத்திலும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பிறகு புத்தகத்தை மூடிவைத்து வெற்றுத்தாளில் எழுதுங்கள். ஒரு தேற்றத்துக்கு ஒரு மாலை முழுக்கப் போகலாம், போகட்டும்.

மாமாவுக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்: கணித மேதை எஸ்.எஸ். பிள்ளை. 1901-இல் செங்கோட்டை அருகே வல்லத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்தவர். பள்ளி ஆசிரியர் ஒருவரின் உதவியால் படிப்பைத் தொடர்ந்தவர். எந்த முழு எண்ணையும் எத்தனை ஆறாம் அடுக்குகளின் (1, 64, 729 போன்றவை) கூட்டலாக எழுதிவிடலாம் என்பது 1770-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் வேரிங் எழுப்பிய கேள்வியின் ஒரு பகுதி. 73 போதும், அதற்குக் குறைந்தால் போதாது என்று 1940-இல் நிறுவியவர் பிள்ளை. 1950-இல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். நம் பக்கத்துக் கல்லூரிகளில் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கே அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

கோடை விடுமுறையில் எம்.டி.டி.எஸ். (Mathematics Training and Talent Search) என்ற கணிதப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். 1993-இல் தொடங்கிய இந்தப் பயிற்சியில் பாடத்தைச் சொற்பொழிவாக நடத்துவதில்லை. கேள்வி கேட்டுக் கேட்டு உங்கள் வாயிலிருந்தே நிரூபணத்தை வரவழைப்பார்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது அதுதான்.

பி.எட். எங்கும் ஓடிவிடாது, எம்.எஸ்சி. முடித்த பிறகும் படிக்கலாம். மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராவதற்கு இரண்டுமே வேண்டும். கல்லூரியில் நடத்த ஆசைப்பட்டால் எம்.எஸ்சி.க்குப் பின் நெட் அல்லது செட் என்ற தகுதித்தேர்வு எழுதவேண்டும். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், மாமாவிடம் அவரே பேசிக்கொள்வார்.